இடுப்புக்கு அடியில் ஒரு தசை

கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில், காலை பதினோரு மணி வெயிலில், எனக்கு ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான் நடந்தது. குனிந்து பார்த்தபோது பேன்ட்டின் இடது கால் முட்டி வரை நனைந்திருந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கையில் வைத்திருந்த பையை முன்னால் பிடித்துக்கொண்டு, படியேறி வருகிறவர்களுக்கு முகம் காட்டாமல், கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடியே இறங்கினேன்.

புராஸ்டேட் சுரப்பியில் கட்டி என்று சென்னையில் ஆபரேஷன் செய்து, சிறுநீர் வடியப் போட்டிருந்த குழாயை எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. "கொஞ்ச நாளைக்குக் கசியும்" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கசியும் என்ற சொல்லை நான் ரொம்பச் சின்னதாகப் புரிந்துகொண்டேன். வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி எப்போதாவது ஒரு சொட்டு விழும் என்று நினைத்தேன். நாற்காலியிலிருந்து எழுந்தால் போகும், இருமினால் போகும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் போகும் என்று யாரும் விரித்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டாலையில் இருபத்தேழு வருடமாக நான் கிரேன் ஓட்டுகிறேன். முப்பதடி உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து, பில்லட் என்கிற சிவந்த இரும்புக் கட்டிகளைத் தூக்கி அங்குலம் பிசகாமல் இறக்கி வைப்பது என் வேலை. அப்படிப்பட்டவனால் சொந்த உடம்பிலிருந்து ஒரு கரண்டி நீரை நிறுத்த முடியவில்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் பாத்ரூமுக்குள் நுழைந்து பேன்ட்டை அலசினேன். கதவைத் திறந்தபோது அவள் வெளியே நின்றுகொண்டிருந்தாள். கையில் நான்காக மடித்துத் தைத்த பழைய பருத்திப் புடவைத் துண்டுகள், ஆறோ ஏழோ இருந்தன.

"இத உள்ள வச்சிக்கினு ஜட்டி போட்டுக்கங்க. நனஞ்சா மாத்திக்கலாம்" என்றாள்.

அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை, கேள்வி இல்லை. எனக்கு இருந்த அவமானத்தில், இத்தனை துண்டுகள் இவளிடம் தயாராக எப்படி இருந்தன என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "பிசியோதெரபி போங்க. திருவள்ளூர் பக்கம் மணவாள நகர்ல ஒருத்தங்க இதுக்குன்னே பண்றாங்க" என்றார்.

"சார், எனக்கு முட்டி வலி எதுவும் இல்லியே."

"முட்டிக்கு இல்ல. ஒண்ணுக்குக் கசியறது நிக்கறதுக்கு."

இவர் என்னோடு விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். அவர் அடுத்த ஆளின் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் கடைசிச் சீட்டில், துணியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்தபடி மணவாள நகர் போய்ச் சேர்ந்தேன். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் கிளினிக். கதவைத் தள்ளியதும் திகைத்துப்போய் நின்றுவிட்டேன். உள்ளே பெஞ்சில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் பெண்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. தவறான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று திரும்பப் பார்த்தேன். மேஜையில் இருந்த பெண் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்து, "இங்கதான் சார், உக்காருங்க" என்றாள். உட்காரவில்லை, நின்றேன். உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் போகும்.

தெரபிஸ்ட் என் மகள் வயதுப் பெண். அதுவே எனக்கு ஓர் அடி. அடுத்த அரைமணி நேரம் அவள் கேட்ட கேள்விகள் இன்னொரு அடி. ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது, எவ்வளவு நனைகிறது, மலச்சிக்கல் உண்டா, முக்குவீர்களா, காற்று அடங்குகிறதா, மனைவியோடு சேர்வதில் சிரமம் உண்டா. காய்கறி என்ன விலை என்று கேட்பது போலக் கேட்டு எழுதிக்கொண்டாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பை எடுத்து மேஜையில் வைத்தாள். அதன் அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரை, சிவப்பாக ஒரு தசை தூளி கட்டியது போலத் தொங்கியது.

"மூத்திரப்பை, குடல் எல்லாத்தையும் இதுதான் சார் தாங்குது. உங்களுக்குள்ள இருந்த ரெண்டு தாழ்ப்பாள்ல ஒண்ண ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க. இனிமே இதுதான் மத்த வேலையையும் சேத்துப் பாக்கணும். அதுக்குத்தான் இத பலப்படுத்துறோம்."

"இது ஆம்பளைக்குமா இருக்கு?"

"இல்லாட்டி எல்லாம் கீழ விழுந்துடுமே சார்" என்று சிரித்தாள்.

ஐம்பத்தாறு வருடமாக என்னைத் தாங்கிக்கொண்டிருந்த ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அடுத்தது பரிசோதனை. என்ன செய்யப்போகிறாள் என்பதை முதலிலேயே முழுக்கச் சொன்னாள். கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக ஒரு விரல் வைத்து, தசை எவ்வளவு இறுகுகிறது என்று பார்க்க வேண்டும். "வேண்டாம்னா வேண்டாம். வெளியிலேருந்தே பாத்துக்கலாம். நடுவுல எப்ப நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திடுவேன். ஆம்பள தெரபிஸ்ட்தான் வேணும்னாலும் சென்னைக்கு எழுதித் தர்றேன்."

 எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இன்னொரு முறை எவரிடமாவது முதலிலிருந்து இதையெல்லாம் சொல்வதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. சரி என்றேன்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே போர்வை போர்த்தினாள். வலி இல்லை. கூச்சம்தான் உடம்பு முழுக்க.

"நாலு பேர் நடுவுல காத்து வந்தா அடக்குவீங்கல்ல, அந்த மாதிரி பிடிங்க."

பிடித்தேன். தொடை, பிட்டம், வயிறு, தாடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தேன்.

"சார், மூச்சு விடுங்க."

மூச்சை அடக்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"இப்ப நீங்க கீழ தள்ளுறீங்க. உள்ள, மேல இழுக்கணும். முன்னாடி இருக்கிற உறுப்பு கொஞ்சம் உள்ள இழுக்கற மாதிரி நெனைங்க. பிட்டத்த விட்டுடுங்க."

ஏழாவதோ எட்டாவதோ முறை, உள்ளே எங்கேயோ மெல்ல ஒன்று எழும்பியது. "அதான், அதேதான். ஒண்ணு, ரெண்டு, மூணு... இப்ப விடுங்க. முழுசா விடுங்க. விடறதும் பிடிக்கற அளவுக்கு முக்கியம்." மூன்று எண்ணுவதற்குள் அது துவண்டுவிட்டது. அவ்வளவுதான் என் பலம்.

தினமும் மூன்று வேளை, வேளைக்குப் பத்து முறை பிடித்து விட வேண்டும். எழும்போதும் இருமும்போதும் அதற்கு ஒரு நொடி முன்னால் பிடிக்க வேண்டும். ஒன்றுக்குப் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகக் கூடாது. எப்போது போனேன், எவ்வளவு குடித்தேன் என்று மூன்று நாளைக்கு ஒரு தாளில் எழுதி வர வேண்டும்.

"குடிக்கறதே இல்லம்மா. பஸ்ஸுல வர்றதால காலையிலேருந்து தண்ணி தொடல" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அதான் சார் தப்பு. தண்ணி கொறஞ்சா மூத்திரம் கெட்டியாகி, பைய எரிச்சல் பண்ணி, அடிக்கடி முட்டும். தண்ணி குடிங்க. டீயக் கொறைங்க."

எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைகீழாக இருந்தது.

மறுநாள் காலை நாஷ்டா முடித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மனைவி சமையலறை வாசலில் இருந்து கேட்டாள்.

"இன்னாங்க அது, சாமியார் கணக்கா குந்திக்கினு?"

அடக்கமாகச் சொல்ல வராமல், தூளி மாதிரித் தசை, தும்மல், பிடித்து விடுவது எல்லாவற்றையும் அப்படியே கொட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு நின்றாள்.

"அப்ப அது நிக்குமா?"

"மூணு நாலு மாசத்துல நிக்கும்னு சொல்லுது அந்தப் பொண்ணு."

"எனக்கும் நிக்குமா?"

புரியவில்லை. "ஒனக்கு இன்னா?"

"ரெண்டாவது பொறந்ததுலேருந்து எனக்கும் அப்டித்தான்."

எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

என் நாற்காலியை அடியிலிருந்து உருவியது போல் இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இருமல் வந்தால் அவள் சமையலறையில் பாயைப் போட்டுத் தனியாகப் படுப்பாள். எனக்கு ஒட்டக்கூடாது என்று செய்கிறாள் என நினைத்து, மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். எளாவூர் பக்கம் அவள் அம்மா வீட்டு நிலத்தில் நடவு என்றால் முதல் ஆளாக இறங்கியவள், ஒரு வருடம் திடீரென்று வரமாட்டேன் என்றாள். கொழுப்பு ஏறிவிட்டது என்று நான்தான் எல்லார் முன்னாலும் சொன்னேன். எனக்குக் கொண்டுவந்து நீட்டிய அந்தத் துணிகள் அவள் தனக்காகத் தைத்து வைத்திருந்தவை.

"ஏன் சொல்லல?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

எப்போதும் 'நீங்க' என்பவள் அன்று அப்படிச் சொல்லவில்லை. "யாருகிட்ட? ஒங்கிட்டயா? தும்மிட்டு தண்ணி போச்சுன்னு நீ ஆஸ்பத்திரிய தவிர ஊட்ட உட்டு எங்கியும் போவல. நான் சமைச்சேன், தூக்கனேன், தோச்சேன். கொழந்த பெத்தா அப்டித்தான்னு எங்கம்மா சொல்லிச்சு. அப்டித்தான்னு இருந்துட்டேன்."

 வெங்காயத்தை முழுக்க உரித்துவிட்டுத்தான் அவள் அழுதாள்.

அடுத்த வாரம் இருவரும் போனோம். அவள் உள்ளே ஒரு மணி நேரம் இருந்தாள். அந்த எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நான் காத்திருந்தேன். பிறகு தெரபிஸ்ட் என்னையும் கூப்பிட்டாள். மனைவி தலையாட்டியதும்தான் பேசினாள்.

"இவங்களுக்கு கர்ப்பப்பையும் கொஞ்சம் கீழ எறங்கியிருக்கு. அத லேடி டாக்டர்கிட்டயும் காட்டணும். பயப்பட ஒண்ணுமில்ல. நிறைய பேருக்கு இருக்கு. அப்பவே வந்திருந்தா இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க வேணாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தே வந்தாள். பெரியபாளையம் தாண்டித்தான் வாய் திறந்தாள்.

"ஒனக்கு ஒடனே சீட்டு எழுதிக் குடுத்தாங்க, இல்ல?"

"ஆமா."

"ரெண்டு பிரசவத்துக்கு எத்தினி தடவ செக்கப்புக்குப் போயிருப்பேன். ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல." என் பக்கம் திரும்பி, "நானும் சொல்லல. நீயும் கேக்கல" என்றாள்.

எனக்கு நான்கு மாதத்தில் கிட்டத்தட்ட நின்றது. மறுபடியும் கிரேன் ஏறினேன். ஏணியில் காலை வைக்குமுன் பிடித்து, கூண்டில் உட்கார்ந்ததும் விடுவேன். கீழே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு மெதுவாகத்தான் குறைகிறது. தும்மலுக்கு நின்றுவிட்டது. அரிசி மூட்டையை நகர்த்தினால் இன்னும் போகிறது. கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே பொருத்தும் ஒரு வளையத்தை லேடி டாக்டர் கொடுத்திருக்கிறார். பாரம் தூக்குவது இப்போது என் வேலை.

காலையில் இருவரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுகிறோம். அவள் பத்து வரை பிடிக்கிறாள். எனக்கு எட்டுதான் வருகிறது. அவள் முகத்தைப் பார்க்கும்போது, இவளைப் பற்றி எனக்குத் தெரியாதது வேறு என்ன இருக்கிறதோ என்று இப்போதும் திடுக்கென்கிறது. ஒரு நாள் கேட்டும் விட்டேன்.

"எண்ணிக்கை தப்பிப்போச்சு. மொதல்லேருந்து எண்ணுங்க" என்றாள்.