எந்த ஊர் வெயிலுக்கு எந்தக் கணக்கு?

லண்டனில் இருக்கும் என் மச்சினன் போன மாதம் போன் செய்தான். "மச்சான், இங்க வெப்ப அலை. இருபத்தெட்டு டிகிரி... தாங்க முடியல!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதுரையில் இருபத்தெட்டு டிகிரி என்றால் நாங்கள் போர்வையைத் தேட மாட்டோமா?

சிரித்து முடித்துவிட்டு நெட்டில் தேடினேன். ஊருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். லண்டனில் தொடர்ந்து மூன்று நாள் இருபத்தெட்டைத் தொட்டால் வெப்ப அலை. நெதர்லாந்தில் ஐந்து நாள் இருபத்தைந்துக்குக் குறையக் கூடாது. அதில் மூன்று நாள் முப்பதை எட்ட வேண்டும். நம் சமவெளிக்கோ நாற்பதைத் தொட்டாலும் போதாது. வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் நேராக நாற்பத்தைந்து. அதாவது, வழக்கமாக வறுபடுகிற ஊர் வறுபட்டால் அது செய்தியே இல்லை!

இந்த ஞானம் தலைக்கேறியிருந்த நேரத்தில்தான், மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில் என் வீட்டு மொட்டை மாடிக்குக் கூலிங் டைல்ஸ் பதிக்கும் வேலை ஆரம்பித்தது. கொத்தனார் காஜா முன்கூட்டியே சொன்னார்: "அண்ணே, விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாரோம். பதினோரு மணிக்கெல்லாம் எறங்கிருவோம். மிச்சத்தச் சாயங்காலம் பாப்போம்."

கோடையில் இங்கே மாடி வேலை அப்படித்தான் நடக்கும். எனக்கோ தூக்கம் முக்கியம். "ஒம்பது மணிக்கு வாங்க பாய்" என்றுவிட்டேன்.

முதல் நாள் மத்தியானம் ஒரு மணிக்குக் காஜா கீழே இறங்கி வந்தார். "வெயிலு ரொம்ப ஏறிருச்சுண்ணே. நிப்பாட்டிக்கிருவமா?"

மொபைலைப் பார்த்தேன். முப்பத்தொன்பது. "வெப்ப அலைன்னு எதுவும் போடலையே பாய்... இன்னைக்கு உள்ளத முடிச்சிருங்க."

அவர் தலைத்துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு படியேறினார்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "அண்ணே, ஓடி வாங்க!" என்று மேலிருந்து சத்தம். கலவை சுமந்துகொண்டிருந்த பாண்டியம்மாள் மாடியில் சுருண்டு கிடந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது, பேச்சு குழறியது. செருப்பில்லாமல் ஓடிய என் உள்ளங்கால் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பொத்துப்போனது. ஈரத்துண்டு, ஃபேன், ஆட்டோ, ஆஸ்பத்திரி... அவர் கண் திறந்து பேசும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

மொபைல் காட்டும் டிகிரி நிழலில் அளப்பது. அதையும் படித்திருந்தேன். நிழலில் உட்கார்ந்து படித்தேன், அவ்வளவுதான். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து வார்டில் போய் மன்னிப்புக் கேட்டேன். பாண்டியம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு சார்? வெயிலு எம்புட்டுன்னு அதுல நிக்கிற எங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல..."

கேட்டிருக்கலாம். லண்டன்வரை விசாரித்த எனக்கு, பதினெட்டுப் படி ஏறிக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்!