பல்லிக்கு எடம் விட்டு அடிச்ச தகரம்

குத்தாலத்துக்கு எல்லாரும் குளுந்து போகத்தான் வருவாக. அவுகள தென்காசி ஸ்டேஷன்ல ஏத்திக்கிட்டுப் போன எங்க வீட்டுக்காரக மட்டும் தெனமும் வெந்து வந்தாக.

அம்பதுகள்ல ஒரு வேன் ஓட்டுனாக. பட்டாளத்துல கழிச்சுப் போட்டு ஏலத்துக்கு வந்த வண்டி. அதுல எஞ்சின் வெளிய மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்காது. உள்ளேயே, டிரைவருக்கு இடது பக்கம், ஒரு தகரப் பெட்டிக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்திருக்கும். அவுக பக்கத்துல நான் உக்காந்ததவிட அது உக்காந்ததுதான் ஜாஸ்தி.

கலியாணமாகி ரெண்டாவது சீசன். சாரல் பிடிச்சுப் பத்து நாள் ஆகல, எஞ்சின் சூட்டுல அவுக இடது காலு முட்டிக்குக் கீழ கொப்புளிச்சு உரிஞ்சு போச்சு. அதுதான் கிளட்ச் மிதிக்கிற காலு. மிதிக்கும்போதெல்லாம் எரியும், சட்டுனு காலை எடுப்பாக, வண்டி துள்ளும். வண்டி மொதலாளி சொல்லிட்டாரு: “ஒரு வாரம் பாப்பேன் வேய். ஆறலேன்னா ஊருக்குப் போயி வயலைப் பாரும். நான் வேற ஆளு போட்டுக்கிடுதேன்.”

ஊருன்னா அச்சன்புதூர். அங்கன வயலு இருந்துச்சு, வீடு இருந்துச்சு, வீட்டுக்குள்ள எங்க மாமியா இருந்தாக. வயலு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. மாமியாளும் நல்லவகதான், அஞ்சாறு மைல் தள்ளி இருந்து பாத்தா. நான் உப்பு டப்பாவைத் தொறக்கும்போதே கொழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு சொல்லுத ஆளு. எங்க வீட்டுக்காரக காலு ஆறணும்னு கோயிலுக்குப் போயி நான் கும்பிட்டதுல பாதி, அந்த வீட்டுக்குப் போகக் கூடாதுன்னுதான். சாமிக்குத் தெரியும். புருசனுக்குத் தெரியாது.

மொதல்ல சாக்கை நனைச்சு அந்தப் பெட்டி மேல போத்தி விட்டேன். அவுக திரும்பி வந்து, “ஏட்டி, இம்புட்டு நாளும் என்னைய வறுத்துச்சு, இன்னைக்கு நீ இட்லி அவிச்சுட்ட”ன்னாக. ஆவி அடிச்சுருக்கு.

அடுத்த நாள், பெட்டிக்கும் காலுக்கும் நடுவுல வைக்கத் தேங்காநார் மெத்தை தச்சுக் குடுத்தேன். அதுல எஞ்சின் எண்ணெய் ஊறி, பழைய குத்தாலம் போற வழியில புகைய ஆரம்பிச்சிருச்சு. வண்டி தீப்பிடிச்சுருச்சுன்னு சனமெல்லாம் மழையில குதிச்சிருக்கு. குதிச்சவுக எல்லாரும், “இப்படி நனைய விட்டுட்டீரே அண்ணாச்சி”ன்னு சண்டைக்கு வந்துட்டாகளாம். அருவியில குளிக்கப் போறவுகளுக்கு வந்த கோவத்தைப் பாருங்க!

மூணாவதா, மண்ணெண்ணெய் தகரத்தை வெட்டி விரிச்சு, பெட்டியோட ஒட்டி அடிச்சோம். ஒரு நடைக்கு நல்லா இருந்துச்சு. ரெண்டாவது நடையில தகரமே தோசைக்கல்லு.

நாலு நாள் போச்சு. அடுப்படியில உக்காந்து, அச்சன்புதூருக்கு எந்தப் பானையை எடுத்துட்டுப் போகலாம்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சுவத்துல கரி பிடிக்கக் கூடாதுன்னு அடுப்புக்குப் பின்னால ஒரு தகரத்தைச் சாச்சு வச்சிருந்தேன். அந்தத் தகரம் தொட்டா சுடுது. அதுக்குப் பின்னால, சுவத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல, பல்லி ஒண்ணு மாப்பிள்ளை மாதிரி சொகமா இருக்கு. கையை விட்டுப் பாத்தேன். சுவரு குளுகுளுன்னு இருக்கு.

“ஏங்க, தகரத்தை ஒட்டி அடிச்சதுதான் தப்பு. நடுவுல பல்லி இருக்க எடம் வேணும்.”

“எஞ்சினுக்குள்ள பல்லி எங்கட்டி வந்துச்சு?”

கூட்டிட்டு வந்து காட்டுனேன். அன்னைக்கே ஒடஞ்ச ஓட்டுச் சில்லுகளை நாலு மூலைக்கும் அண்டக் கொடுத்து, பெட்டிக்கும் தகரத்துக்கும் ரெண்டு விரல் எடம் விட்டு, கம்பியால இழுத்துக் கட்டுனோம். பளபளப்பா இருக்குத பக்கம் எஞ்சினைப் பாத்து. மேலயும் கீழயும் காத்து போக வர வழி. கிளட்ச் மிதிகட்டை பக்கத்துல அனல் வந்த ஓட்டையில பழைய செருப்புத் தோலைத் திணிச்சோம். எதுக்கும் இருக்கட்டும்னு பெட்டியைச் சுத்தி, மேல, எல்லாப் பக்கமும் மூடிட்டோம்.

மூணே நாள்ல காலு காஞ்சு பொருக்குத் தட்டிருச்சு. எடுத்து வச்ச பானையை நான் திரும்பக் கவுத்தி வச்சேன்.

அப்பத்தான் அந்தப் பெரச்சினை வந்துச்சு. குளிச்சுட்டு வாற சனம் பல்லு தந்தியடிக்க ஏறும். ஏறுனதும் அந்தப் பெட்டி மேலதான் ஈரத் துண்டை விரிக்கும், கைய வச்சுக் குளிர் காயும். இப்ப தொட்டா சூடே இல்ல. மொதலாளிகிட்ட போயி, “உம்ம வண்டி செத்துப் போச்சா வேய்?”னு கேட்டுட்டாக. அவரு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, “தகரத்தைப் பிய்யும் முதல்ல. சனம் அடுத்த வண்டிக்குப் போயிரும்”னாரு.

நான் கதவுக்குப் பின்னால நின்னு சொன்னேன்: “பிச்சுருதோம் மொதலாளி. பிச்சுட்டு, ஒரே ஒரு நடை நீங்க ஓட்டிட்டு வாங்க.”

அவருக்கும் ஓட்டத் தெரியும். அதனால ரோசம் வந்துருச்சு. சலவை வேட்டியோட போனாரு. வரும்போது வேட்டி தொடை வரைக்கும் ஏறிருச்சு, ஒத்தக் காலு மட்டும் மொளகாப்பழம் மாதிரி சிவந்து கெடக்கு. எறங்கி நின்னு ஆடுனாரு பாருங்க, கரகம் தோத்துரும்.

“டிரைவர் பக்கம் மட்டும் அடிங்க. மேலயும் அந்தப் பக்கமும் தொறந்து கெடக்கட்டும்”னாரு. நான் சொல்லணும்னு வச்சிருந்ததைத்தான் அவரு சொன்னாரு. அந்தச் சீசன் பூரா, “நான்தான் யோசிச்சுப் பண்ணேன்”னு பஜார்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. சொல்லிட்டுப் போகட்டும். அவுக சீட்டு தப்பிச்சுச்சு, அச்சன்புதூரு தள்ளிப் போச்சு, எனக்கு அது போதும்.

மகன் காலைப் பாக்க மாமியா வந்தாக. வந்தவகளை எங்க வீட்டுக்காரக வேன் முன்சீட்டுல வச்சு அருவிக்குக் கூட்டிட்டுப் போனாக. ராத்திரி சாப்பிட உக்காரும்போது மாமியா முகமே மலந்து கெடக்கு.

“ஏளா, அந்தப் பெட்டிப் பக்கம் முட்டிய வச்சு உக்காந்தேன். ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்கு. சீசன் முடியுத மட்டும் இங்கனயே இருந்து தெனமும் ஒரு நடை போயிட்டு வாரேன். ஊர்ல எனக்கு என்ன வேலை?” சொல்லிட்டு ஒரு வாய் வச்சாக. “கொழம்புல உப்புக் கூடிப்போச்சே.”

நான் எங்க வீட்டுக்காரக காதுகிட்டப் போயிக் கேட்டேன்: “ஏங்க, அந்தப் பக்கத்தையும் மூடிருவோமா?”

“மொதலாளி வைவாருட்டி”ன்னுட்டு, காலை நீட்டி உக்காந்து சாப்பிட்டாக.