பாத் ரப்பில் ஊறிய போத்தல்கள்

எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் யாரும் குளிக்க முடியாது. பாத் ரப் என்கிற குளியல் தொட்டி நிறையப் பியர்ப் போத்தல்கள் ஊறிக்கொண்டிருக்கும்.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில், டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. எனக்கு எட்டு வயது. பெரியவர்கள் மூவரும் ஊரில் சண்டைக்குத் தப்பி இந்தக் குளிர் தேசத்துக்கு வந்தவர்கள், நான் இங்கேயே பிறந்த பிள்ளை. சித்தி ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே கூட வேலை செய்த போலந்துக்காரி ஒருத்தி வீட்டிலேயே பியர் காய்ச்சும் வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மாவைப் பொங்கவைக்கிற ஈஸ்ட்தான் பியரையும் நுரைக்கவைக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சித்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடிப்பதில் அவருக்கு ஆசை கிடையாது. ருசி பார்க்க ஒரு மிடறு எடுப்பார். மிச்சமெல்லாம் வேலைத்தலத்து ஆட்களுக்கும் அப்பாவுக்கும் போகும். அப்பா இந்த விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். அம்மாதான், சனம் என்ன கதைக்கும் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். சனத்துக்குத் தெரியவராதபடி கதவையும் அவரே பூட்டிக்கொள்வார்.

பியர் காய்ச்சுவது ஒரு பின்னேரத்து வேலை. போத்தல் கழுவுவதுதான் பெரிய வேலை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், குப்பை அறைக்குப் பக்கத்தில் ஆட்கள் வைத்துவிட்டுப் போகும் வெறும் போத்தல்களைச் சித்தி பொறுக்கிக்கொண்டு வருவார். மண்ணிறக் கண்ணாடிதான் வேண்டும், பச்சை ஆகாது, வெளிச்சம் உள்ளே போய் ருசியைக் கெடுத்துவிடும் என்பார். வாய் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, சின்ன வெடிப்பு இருந்தாலும் விலக்கிவிடுவார். பிறகு சுடுதண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து எல்லாவற்றையும் அமுக்குவார். போத்தல்கள் குளுகுளுவென்று தண்ணீர் குடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடியில் போய்ப் படுக்கும்.

நான் பாத் ரப் விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு பார்த்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் லேபல்கள் தாமாகவே கழன்று மேலே வரும். யாரும் தொடாமல், யாரும் உரிக்காமல், மானும் பாய்மரக் கப்பலும் தங்க எழுத்துகளும் போத்தலை விட்டுப் பிரிந்து மெல்ல மிதக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு மூச்சுவிடவே மறந்துபோகும். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்றையும் காட்டமாட்டார்கள்.

அடியில் வட்டமாகப் படிந்திருக்கும் அழுக்கைச் சித்தி நீண்ட பிறஷால் தேய்ப்பார். சவர்க்காரம் கூடாது, பியரின் நுரை செத்துப்போகும். கழுவி முடிந்ததும் ஒவ்வொன்றையும் யன்னலுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். பிறகு என்னிடம் தருவார். "உள்ளுக்கை ஏதும் தெரியுதோ பார்." நான் பார்ப்பேன். ஸ்காபரோ முழுவதும், எதிர்க் கட்டடமும் வீதியில் போகும் பஸ்ஸும் பனியும், தேன் நிறத்தில் அந்தப் போத்தலுக்குள் இருக்கும். ஒன்றுமில்லை என்று நான் சொன்னால்தான் அந்தப் போத்தல் தேறும். அந்த வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பிருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்தக் குளிர்காலத்தில் சித்தியைப் பெண்பார்க்கப் பக்கத்து நகரமான பிறம்ரனிலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடாயிற்று. மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும். இதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தன. இதுவும் தட்டினால் தன்னால் தாங்க ஏலாது என்று அம்மா சொன்னார், என்னவோ தன்னைத்தான் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல. பியர் நிரப்பிய போத்தல்கள், வாசலருகே கோட் கொழுவும் அலுமாரியின் அடியில் பெட்டி பெட்டியாக இருந்தன. இருட்டும் குளிர்ச்சியும் உள்ள இடம் அது. ஆனால் விருந்தாளிகளின் கோட்டையும் அங்கேதானே கொழுவ வேண்டும். சித்தி சீலை உடுத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அம்மா பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய் என் அறையில், யன்னலுக்குக் கீழே இருந்த ஹீற்றரோடு ஒட்டி அடுக்கி, மேலே ஒரு போர்வையை விரித்துவிட்டார்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு பண்டகசாலையில் வேலை. தலை குனிந்தபடி பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தாயார் மெலிந்த மனுஷி. கேட்டதற்கு ஓம், இல்லை என்பதற்கு மேல் பேசவில்லை. அப்பா காலநிலையைப் பற்றிக் கதைத்தார். அது முடிந்ததும் வீதி நெரிசலைப் பற்றிக் கதைத்தார். நான் பயத்தம் பணியாரத் தட்டோடு நடுவில் நின்றேன்.

அப்போதுதான் என் அறைக்குள் முதலாவது போத்தல் வெடித்தது.

அப்படியொரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஆனால் என்னை வாய்பிளக்க வைத்தது சத்தமல்ல. கண்மூடித் திறப்பதற்குள் பெரியவர்கள் எல்லோரும் நிலத்தில் கிடந்தார்கள். அப்பா, அம்மா, சித்தி, மாப்பிள்ளை எல்லோரும் முகம் குப்புற, கைகளால் தலையை மூடிக்கொண்டு. ஒருவரும் கத்தவில்லை. பழக்கிவைத்ததுபோல ஒரே நேரத்தில், ஒரே மாதிரி. தட்டோடு நின்றது நான் மட்டும். அந்த மெலிந்த மனுஷி என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தனக்குக் கீழே போட்டு, என் பிடரியில் கையை வைத்து அழுத்தினார். பட்டுச்சீலையின் வாசம் மூக்கில் ஏறியது. அப்பா தலையைத் தூக்கப் பார்த்தார்.

"ஒருத்தரும் எழும்பாதேங்கோ," என்றார் தாயார், சாதாரணக் குரலில். "இன்னொண்டு வரும்."

இரண்டாவது போத்தல் வெடித்தது.

அவர் தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் முதுகில் தட்டினார். அந்த அமைதியில், நிலத்தில் கிடந்தபடியே சித்தி சொன்னார்: "அக்கா, என்ரை பெட்டியளை எங்கை வைச்சனி?"

சித்தியும் மாப்பிள்ளையும் கோட்டையும் கையுறையையும் போட்டுக்கொண்டு, மிச்சப் பெட்டிகளைக் குளிருக்குள், பல்கனிக்குத் தூக்கிப் போனார்கள். என் கட்டிலெல்லாம் நுரையும் கண்ணாடித் தூளும். திரும்பி வந்து சித்தி நேராகத் தாயாரைப் பார்த்து, "பியர், அன்ரி. நான்தான் காய்ச்சுறனான்," என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

தாயார் எழும்பிக் கைகழுவப் போனார். போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தால், பாத் ரப்புக்குள் தட்டில் கவிழ்த்துவைத்த வெறும் போத்தல்களில் ஒன்றை எடுத்து மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணந்து பார்த்தார். "பிள்ளை, இதை என்ன போட்டுக் கழுவினனீர்?" என்று சித்தியைக் கூப்பிட்டார். இருவரும் அங்கேயே நின்று கதைத்ததில் தேத்தண்ணி ஆறிப்போய், அம்மா இரண்டாம் முறை போட்டார்.

பனி உருகியபின் கலியாணம் நடந்தது. அந்தத் தாயாரை நான் மண்டபம் முழுக்கப் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். சித்திக்கே தெரியாமல் போன ஒன்று அவருக்கு எப்படித் தெரிந்தது? இரண்டாவது வரும் என்று, வருவதற்கு முன்பே. எனக்குத் தெரிந்த மனிதர்களில் இவ்வளவு பெரிய கெட்டிக்காரி வேறு யாரும் இல்லை. கடைசியில் பக்கத்தில் போய் இருந்து கேட்டுவிட்டேன்.

"நீங்களும் ஊரிலை பியர் காய்ச்சினனீங்களோ?"

அவர் என் பிடரியில் கையை வைத்தார்.

"இல்லைப் பிள்ளை. நாங்கள் வெடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டனாங்கள்."

அவர்களுடைய ஊரில், வீட்டுக்குப் பக்கத்திலேயே யாரோ மிகப் பெரிய அளவில் பியர் காய்ச்சியிருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.