வெள்ளையம்மாவின் பக்கத்தை நீக்கியது யார்?

மலேசியாவின் பத்து பகாட் நகரில் ஒரு துணி ஆலை. அதன் அலுவலகத்தில் எந்தக் கோப்பை யார் எழுதினார்கள், யார் திருத்தினார்கள் என்று கண்காணிப்பதுதான் தனலெட்சுமிக்குப் பதினெட்டு வருட வேலை. கையொப்பமில்லாமல் அங்கே ஒரு தாள்கூட நகராது. அப்படிப்பட்டவள், தமிழ்ப்பள்ளியின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்குப் பொறுப்பேற்றபோது கோட்டை விட்டாள்.

மலர் முழுவதும் இணையத்தில் ஒரே ஆவணம். எழுதுவது குழுவினர் ஏழு பேர். "நாமெல்லாம் ஒரே குடும்பம் லா. ஏழு பேருக்கு ஏழு கணக்கு எதுக்கு?" என்றார் குழுத் தலைவர் மனோகரன். அவளும் தன் கடவுச்சொல்லையே எல்லாருக்கும் கொடுத்துவிட்டாள்.

அச்சுக்கு மூன்று நாள் இருக்கையில் ஒரு பக்கம் காணாமல் போனது. முப்பத்தோரு வருடம் அந்தப் பள்ளியைக் கூட்டித் துடைத்த வெள்ளையம்மாவைப் பற்றி மதிவாணன் வாத்தியார் எழுதிய பக்கம். வெள்ளையம்மா தனலெட்சுமியைப் பெற்றவள். அந்த இடத்தில், டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகரின் வாழ்த்துரை அமர்ந்திருந்தது. நீக்கியவர் யார் என்று திருத்த வரலாற்றைத் திறந்தார்கள். அது காட்டிய பெயர், தனலெட்சுமி.

"ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு அம்மா துடைப்பம் புடிச்சது வெக்கமா இருக்கும்போல," என்றாள் குழுவிலிருந்த கோமளா. அன்று மாலைக்குள் அது வெள்ளையம்மாவின் காதுக்குப் போயிற்று. அவளோ மகள் வைத்த தேநீரைத் தொடாமல் ஆறவிட்டாள். ஆறிப்போன அந்தத் தேநீர் தனலெட்சுமியின் நெஞ்சைச் சுட்டது.

அழுது முடித்தவள் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். பழைய பதிப்பை மீட்டாள். கடவுச்சொல்லை மாற்றினாள். இனி அவரவர் பெயரில்தான் உள்ளே வரவேண்டும், யாரும் நேராக மாற்றக்கூடாது, பரிந்துரைக்கலாம், அதை இன்னொருவர் ஏற்றால்தான் மாறும், தனக்கும் இதே விதிதான் என்று குழுவுக்கு எழுதினாள்.

மறுநாள் முழுக்க ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த காலையில் முதல் பெயராக வந்தது மனோகரன். தன்னுடைய தலைவர் உரையை எடுத்துவிட்டு அங்கே டத்தோவின் வாழ்த்துரையைப் போடலாம் என்பது பரிந்துரை. ஓரத்தில் ஒரு குறிப்பு.

"இடம் பத்தலன்னு அந்தப் பக்கத்த எடுத்தது நான்தான், தனம். உங்க பேர்ல விழும்னு தெரியாது. தெரிஞ்ச பிறகும் வாயத் திறக்காம இருந்தேன். அம்மாகிட்ட சொல்லுங்க."

தனலெட்சுமி அதையும், வாத்தியாரின் பக்கத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். வெள்ளையம்மா மகளின் தலையை மெல்லத் தடவினாள்.

"பள்ளிக்கூட மணி அடிச்சதும் நான்தான்டி. வாத்தியாரு அத விட்டுட்டாரு. நீ போடு."

தனலெட்சுமி அந்த ஒரு வரியைப் பரிந்துரையாக எழுதிவிட்டுக் காத்திருந்தாள். நான்கே நிமிடத்தில் மனோகரன் அதை ஏற்றுக்கொண்டார்.