ஆகப் பெரிய அளவைப் பின்னிய செல்வராணி

வியாழக்கிழமை காலையில் கமலா போனில் கூப்பிட்டாள். "மிஸ், அக்கா போயிட்டாங்க" என்றாள். "எந்த அக்கா?" என்று கேட்டேன். எங்கள் பின்னல் குழுவில் அக்கா என்றால் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கேட்டேன். அந்தப் பக்கத்தில் அழுகைதான் கேட்டது.

செல்வராணி பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, மூக்குத் துடைத்து, தூங்கவைத்தவள். அன்று வேலைக்குப் புறப்பட்டவள் நெஞ்சு வலிக்கிறது என்று வாசலில் உட்கார்ந்தாளாம். அதன்பிறகு எழும்பவில்லை.

கருமாதிக்குள் அவளைப் பற்றி எழுதித் தரும்படி குழுவில் கேட்டார்கள். "மிஸ் எழுதுனாத்தான் நல்லாருக்கும்" என்றார்கள். அவளை அறிந்த உங்களிடம் நான் பூசி மெழுக முடியாது. எனக்கு அவள்மேல் பொறாமை. அவள் இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஹட்டனில் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றபின் நான் பின்னல் சட்டைகளை வடிவமைத்து, செய்முறைக் குறிப்புகளை இணையத்தில் விற்கத் தொடங்கினேன். வாங்குகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். ஒரே சட்டைக்குச் சின்ன அளவிலிருந்து ஆகப் பெரிய அளவு வரை கணக்கு எழுதவேண்டும். விற்பதற்கு முன் ஒவ்வோர் அளவையும் ஒருத்தி பின்னிப் போட்டுப் பார்த்துப் பிழை சொல்லவேண்டும். அந்தச் சோதனைப் பின்னலுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு முன்னறையில் பெண்கள் கூடினார்கள். நூலும் ஊசியும் என்னுடையவை. தேநீரும் என்னுடையது. எல்லாருக்கும் நான் மிஸ்.

செல்வராணி வந்து சேர்ந்த முறை பின்ன எடுத்தது கையில்லாத கோடைச் சட்டை. மெல்லிய பருத்தி நூல். "இந்தக் குளிருல இத யாரு மிஸ் போடுவா?" என்று சிரித்தார்கள். ஆகப் பெரிய அளவுக்கு ஆள் கிடைக்கவில்லை. அது நான்தான் என்று எந்தப் பெண் வாய் திறந்து சொல்வாள்? கமலா எங்கிருந்தோ செல்வராணியைக் கூட்டிவந்தாள். அவள் பஸ்ஸில் வளைவுகளில் ஆடிவந்த தலைச்சுற்றுகூடத் தீராமல் என் முன்னால் வந்து நின்றாள். "மிஸ், ஆகப் பெருசு நான்தான். அளந்துக்குங்க" என்று ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

வெளியே மழை. முன்னறையில் மற்ற எல்லாரும் ஸ்வெட்டருக்குள் இருந்தார்கள். அதுவரை அவர்களை நான் ஸ்வெட்டருக்கு மேலேயே அளந்திருந்தேன். கழற்றச் சொன்னால் குளிரும், வெட்கப்படவும் செய்வார்கள் என்று விட்டிருந்தேன். செல்வராணி அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "கோடையில போடுறதுக்குக் கம்பளி மேல அளவெடுத்தா, போடுற வெள்ளக்காரிக்குச் சாக்கு மாதிரி தொங்காதா? கழட்டுங்கடி" என்றாள். நடுங்கிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஒவ்வொருத்தியாகக் கழற்றினார்கள். அத்தனை பேரையும் திரும்ப அளந்தேன். அளவு நாடா என் கையில்தான் இருந்தது. ஆனால் எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நான் அவளைவிட மூத்தவள். எத்தனையோ காலம் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள். என்னிடம் "வாங்க மிஸ், போங்க மிஸ்" என்று எழும்பி நிற்பார்கள். அவளோடு தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, மாமியார் சண்டையிலிருந்து மாதவிலக்கு வரை பேசுவார்கள். நான் பலகாரத் தட்டோடு உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழுவில் நான் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. குறிப்பு பிழையென்று தோன்றினாலும் எழுதியபடியே பின்னவேண்டும். அப்போதுதான் பிழை கண்ணுக்குத் தெரியும். எல்லாரும் தலையாட்டினார்கள். பின்னிக் கொண்டுவந்து "எல்லாம் சரி மிஸ்" என்றார்கள். செல்வராணி மட்டும் ஒன்றும் சொல்லாமல் தன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினாள். சட்டையில் கை நுழையும் கைக்குழி இடுப்பருகே தொங்கியது. உடம்பு பெருக்கப் பெருக்கக் கைக்குழியையும் அதே கணக்கில் இறக்கிக்கொண்டே போயிருந்தேன். பெருத்த பெண்ணுக்குத் தோள் அந்த அளவுக்கு வளர்வதில்லை என்பதை யோசிக்கவில்லை.

"மிஸ், இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பிள்ளைய உள்ள வச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு வேல பாக்கலாம்" என்றாள். வீடே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் கமலா அவள் காதருகே குனிந்து, "எனக்கும் கைக்குழி பெருசாத்தான் வந்துச்சுக்கா. நான் சொல்லாம அவுத்து, சின்னதாக்கிட்டேன்" என்றாள். இன்னொருத்தி, "நானுந்தான்" என்றாள். என் பிழையை என் வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளிடம் சொன்னார்கள்! அவள் மட்டும் சும்மா இருந்திருந்தால் அந்தக் குறிப்பு அப்படியே விற்பனைக்குப் போய் என் பெயர் நாறியிருக்கும். அது தெரிந்ததால் எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. போகும்போது, "நீங்க சொன்னபடிதான் மிஸ் பின்னுனேன்" என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். அதுவும் இல்லை.

சாவு வீட்டில் லயத்து வாசலிலிருந்து ரோடு வரை சனம். தப்பு மேளச் சத்தத்துக்கு மேலாகப் பெண்கள் கதறினார்கள். அவள் தூக்கி வளர்த்த பிள்ளைகள் கொழும்பிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து அழுதார்கள். என் சாவுக்கு இதில் பாதியாவது கூடுமா என்று நினைத்தேன். தலைமாட்டில் நின்றுகொண்டு அப்படி நினைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். உருவத்தை வைத்துச் சொல்லவில்லை. அவள் கேட்டிருந்தால், "உருவத்துக்கும் சேத்தே சொல்லுங்க மிஸ்" என்றிருப்பாள்.

போன ஞாயிறு திரும்பக் கூடினோம். கமலா புதிய சட்டையை நீட்டி, "எல்லாம் சரி மிஸ்" என்றாள். விரித்துப் பார்த்தேன். கழுத்து நான் எழுதிய கழுத்தே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்தபடி, "அக்கா இருந்தா சொல்லியிருப்பாங்க" என்றாள். கோபமாகத்தான் வந்தது. "அவ இல்ல. நீ சொல்லு" என்றேன். "நீங்க எழுதுன கழுத்து ரொம்ப இறங்குது மிஸ். குனிஞ்சா எல்லாம் தெரியும்" என்றாள் மெதுவாக. பக்கத்தில் இருந்தவள் தோள் நழுவுகிறது என்றாள். நான் எழும்பவில்லை, குறுக்கே பேசவில்லை. ஒருத்தி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பேச்சு சட்டையை விட்டு வீட்டுக்குப் போயிற்று, மகளின் படிப்புக்குப் போயிற்று, அழுகைக்கும் போயிற்று. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்குத்தான் இத்தனை நாள் ஏங்கினேன். கிடைத்துவிட்டது. கிடைப்பதற்கு அவள் சாகவேண்டியிருந்தது.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பெண்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்த இடம். செல்வராணி, எனக்கு அது வேண்டாமடி. நீயே வந்து உட்காரு. நான் பழையபடி பலகாரத் தட்டோடு வாசலில் நின்று உன்னைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறேன்.