நான் நீக்கிய கப்பல்

என் அண்ணன் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை பார்த்தவர். பல வருடம் சரக்குக் கப்பல்களில் ஓடிவிட்டு, கடைசியாகத் தென் துருவத்து ஆராய்ச்சி நிலையங்களுக்கு டீசலும் அரிசியும் கொண்டுபோகும் ஒரு கப்பலில் மூன்று முறை போய்வந்தார். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை ஒரு பெரிய குழாய் வழியாக உள்ளே இழுப்பார்கள். அந்தக் குழாயில் ஒரு தெர்மாமீட்டர் செருகியிருக்கும். தினம் ஒரு முறை அதைப் பார்த்து மேல்தளத்துக்குப் போனில் சொல்வது அவர் பொறுப்பு. மேலே இருப்பவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்.

நான் காலநிலை மாதிரிகளோடு வேலை செய்கிறேன். கடலையும் காற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலையைக் கொடுத்து, கணினியில் பல வருடங்களை ஓடவிடுவோம். பிறகு கணினி சொல்லும் கடலையும், கப்பல்களும் மிதவைகளும் அளந்த கடலையும் ஒப்பிடுவோம். தென் துருவத்தைச் சுற்றியுள்ள கடலின் மேற்பரப்பு என் பங்கு. எனக்கு இந்த வேலை கிடைத்தபோது அண்ணன் காலடிப்பேட்டைத் தெருவில் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னார். "நான் கீழ குந்திகினு சொன்ன நம்பரு, இப்போ என் தங்கச்சி கம்ப்யூட்டர்ல கீது."

அதை நான் ஒருபோதும் தேடிப் பார்க்கவில்லை. எங்களுக்கு வரும் பதிவுகளில் கப்பலின் பெயர் இருக்காது, ஒரு குறியீட்டு எண்தான் இருக்கும்.

எங்கள் மாதிரியில் தென் கடல், அளந்ததைவிடச் சூடாகவே வந்துகொண்டிருந்தது. எதை மாற்றினாலும் சூடு குறையவில்லை. ஒருநாள் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு கப்பலின் பதிவுகள் மற்றவற்றைவிடக் குளிர்ச்சியாக இருந்தன. எஞ்சின் ரூமில் அளக்கும் தண்ணீர் வழக்கமாக உண்மையைவிடக் கொஞ்சம் சூடாகத்தான் தெரியும், குழாய் அந்த வெக்கையில் ஓடுவதால். இது குளிர்ச்சியாகக் காட்டுகிறதென்றால் கருவி கெட்டிருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நீக்கினால் என் மாதிரிக்கும் கடலுக்கும் உள்ள இடைவெளி சட்டென்று குறையும் என்பதும் எனக்குத் தெரியும். நீக்கினேன். காரணம் கேட்கும் இடத்தில் 'நம்பகமற்றது' என்று எழுதினேன்.

அதற்கடுத்த மாதம் ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு, தன்னோடு வேலை செய்யும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் நெளிய ஆரம்பித்ததும் அவர்களைச் சிரிக்க வைக்க நினைத்தேன்.

"கப்பல்ல தண்ணி எவ்ளோ சூடுன்னு பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இருப்பாரு," என்றேன். "அவரு சில நாள் எழுந்தே போக மாட்டாரு. நேத்து என்ன நம்பரோ அதையே இன்னைக்கும் சொல்லிடுவாரு. அந்த மாதிரி நம்பரையெல்லாம் பொறுக்கித் தூக்கிப் போடுறதுதான் எங்க பாதி வேலை."

பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணனோடு வந்த இருவரும் அவர் தோளைத் தட்டிச் சிரித்தார்கள். அவர் மட்டும் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து நான் தேடியபோது மூன்று பேரும் போய்விட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து அண்ணன் என் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் குளிக்கப் போய்விடுவார், அல்லது கடைக்குப் போயிருப்பார். அண்ணி மாடியில் காயப்போட்ட துணியிலிருந்து அனல்மின் நிலையச் சாம்பலை உதறிக்கொண்டே, "இன்னா ஆச்சுன்னே தெர்ல. உன் பேச்ச எடுத்தாலே எழுந்து பூடறாரு," என்றார். நான் பள்ளிக்கூடத்தில் செய்த கேலிதான் காரணம் என்று நினைத்தேன். அண்ணியிடம் சொல்ல வாய் வரவில்லை.

இதற்குள் அலுவலகத்தில் மேகங்களைப் பார்க்கும் சக ஊழியர் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். தென் கடலுக்கு மேலே உள்ள மேகங்களில், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போன பிறகும் துளிகள் உறையாமல் தண்ணீராகவே மிதக்கும். எங்கள் மாதிரி அவற்றைச் சீக்கிரமே பனியாக்கிக் கீழே கொட்டிவிட்டது. மேகம் மெலிந்துபோக, வெயில் நேராகக் கடலில் இறங்கியது. அதனால்தான் அந்தச் சூடு. அவர் அதைத் திருத்தி ஓட்டியதும் கடல் குளிர்ந்தது. குளிர்ந்து, நான் நீக்கிய கப்பலின் எண்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இந்தக் கப்பலை ஏன் எடுத்தீங்க?" என்று அவர் கேட்டார்.

அந்தக் குறியீட்டு எண் யாருடையது என்று தேடினேன். கப்பலின் பெயர் வந்தது. அது அண்ணன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் படத்தில் உள்ள கப்பல்.

மறுநாள் மதியம் காசிமேடு போனேன். அண்ணன் இப்போது மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறார். உப்புத் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நோட்டை மூடினார்.

"அண்ணா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ சொல்லாத. நானே சொல்றேன்," என்றார். "நீ கண்டுபுட்ச்சிட்டேன்னு அன்னிக்கே தெரிஞ்சிகினேன். ஆனா அத்தினி பேரு முன்னால சொல்லுவேன்னு நெனைக்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரெண்டாவது தபா போனப்போ கடலு ரொம்ப பேஜாரு. வாந்தி எடுத்து எடுத்து எழுந்திருக்கவே முடில. பார்க்காமலே தான் நம்பரு சொன்னேன். முந்தின நாளு இன்னா இருந்துச்சோ அத்தயே. நாலஞ்சு நாளு இருக்கும். மத்ததெல்லாம் பார்த்துதான் சொன்னேன். நீ நம்பினா நம்பு."

கம்ப்ரஸர் சத்தத்தில் அவர் குரல் எனக்குப் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. நான் அன்று சொன்னது வெறும் கதை, எங்கோ யாரோ ஒரு கப்பல்காரரைப் பற்றி அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்கும் கதை. அவரோ இத்தனை வாரமாக, தங்கை தன் எண்களை உட்கார்ந்து பார்த்து, தன்னைக் கையும் களவுமாகப் பிடித்து, ஊர் முன்னால் நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"நான் எதையும் கண்டுபிடிக்கல அண்ணா," என்றேன். "உன் கப்பலோட நம்பர் எல்லாத்தையும் நான்தான் தூக்கிப் போட்டேன். உன்னுதுன்னு தெரியாம. அது தப்புன்னு இல்ல, என் கணக்குக்கு ஒத்து வரலன்னு."

ஐஸ் பாளம் ஒன்று சறுக்கிக்கொண்டு வெளியே போனது.

"அப்போ கரெக்டா சொன்ன நம்பரும் போச்சா?"

"போச்சு. திரும்பச் சேர்க்கப் போறேன்."

"நான் சொம்மா சொன்னத எடுத்துடு," என்றார். "யார்கிட்ட சொல்லணுமோ சொல்லிடு. என் பேரு வருமா?"

"வராது. கப்பலோட நம்பர் மட்டும்தான்."

"எந்த நாளுன்னு எனக்கு நெனப்பு இல்ல பாப்பா."

அலுவலகத்தில் சக ஊழியரிடம், அண்ணன் பார்க்காமல் சொன்ன நாட்கள், நான் கப்பலை நீக்கியது, இரண்டையும் சொன்னேன். கப்பலை நீக்கியதற்கு என்னிடம் நியாயமான காரணம் எதுவும் இல்லை என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார். பிறகு ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் நாட்களைத் தேடினோம். இரண்டாவது பயணத்தில், புயல் பாதையில், ஐந்து நாள் அசையாமல் ஒரே எண். அதை எடுத்தோம். மீதியைச் சேர்த்தோம்.

மூன்றாவது பயணத்திலும் ஆறு நாள் அப்படியே இருந்தது. அதைப் பற்றி அண்ணன் எதுவும் சொல்லவில்லை. பனிக்கட்டிக்கு நடுவே கப்பல் நின்ற நாட்கள் அவை. உறையும் நிலையில் இருக்கும் கடல்நீர் நாள்கணக்கில் ஒரே அளவில் நிற்கும், அதில் ஆச்சரியம் இல்லை. சக ஊழியரும் அதையே சொன்னார். அதனால் அதை விட்டுவைத்தேன்.

அண்ணன் இப்போது போன் எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்ணாரப்பேட்டைக்கு வருகிறார், என் வீட்டில் சாப்பிடுகிறார், மெட்ரோ கூட்டத்தைத் திட்டுகிறார். அந்த ஆறு நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார். நான் இன்னும் கேட்கவில்லை. அன்று என் மாதிரிக்காக நீக்கினேன். இன்று விட்டுவைத்திருப்பது கடலை நம்பியா, அண்ணனுக்காகவா என்று எனக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. பதிவில் அந்த வரிகளுக்கு எதிரே 'நம்பகமானது' என்று இருக்கிறது. அதை எழுதியவளும் நான்தான்.