இறுகிப்போன சீட்டுக் கம்பி

கால் முட்டி உடைந்ததற்காக நான் அழவில்லை. சைக்கிளின் சீட்டுக் கம்பி அசைய மறுத்தபோதுதான் அழுதேன். என் மனைவி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து என் சைக்கிளை இடித்ததில் என் முட்டி போனது. சைக்கிளுக்கு ஹேண்டிலில் சுற்றியிருந்த நாடா கிழிந்ததோடு சரி. கிட்டத்தட்ட என் வயதுள்ள ஜப்பான் சைக்கிள் அது. மெல்லிய எஃகுக் குழாய்கள், அவை சேரும் முனைகளில் அரத்தால் ராவிய நுணுக்கமான வேலைப்பாடு. கார்பன் சைக்கிள் வைத்திருக்கும் பயல்கள் அதைப் பழைய இரும்பு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஞாயிறு காலையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும்போது, சாலையின் மேடு பள்ளத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு என்னைப் பத்திரமாகக் கொண்டுபோகும்.

முட்டி இனி இவ்வளவுதான் மடங்கும் என்று பிசியோதெரபி செய்த பெண் கையால் காட்டினாள். பெடல் மேலே வரும்போது அது போதாது. சீட்டை இரண்டு விரல் உயர்த்தினால் ஒருவேளை சுற்றலாம் என்றாள். அந்த ஒருவேளையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் சீட்டைத் தாங்கும் அலுமினியக் கம்பி எஃகுக் குழாய்க்குள் கெட்டியாக ஒட்டிப்போயிருந்தது. எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்கு மட்டுமே வரும் வினை இது. உயரம் ஒருமுறை கச்சிதமாக அமைந்துவிட்டால் சீட்டைத் தொடமாட்டோம், பிறரையும் தொடவிடமாட்டோம். பல வருட வியர்வை உள்ளே இறங்கி வேலையைக் காட்டிவிட்டது. அம்மோனியா ஊற்றினேன். வீடு முழுக்க நாறியது. வெந்நீர், ஐஸ், துருவுக்கு அடிக்கும் எண்ணெய், எதற்கும் அசையவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒற்றைக் காலில் நின்று முறுக்கினேன். வேறு சைக்கிள் வாங்கக்கூடாதா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் கத்தினேன்.

கடைசியில் கிள்ளானில் லோரி வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பனிடம் கொண்டுபோனேன். சைக்கிளைத் தலைகீழாக்கி, கம்பியைப் பெரிய வைஸ் இடுக்கியில் இறுக்கிவிட்டு, சைக்கிளையே பிடித்துத் திருப்பினோம். குழாய் முனகியது.

"ஒடைஞ்சா என்னைச் சொல்லக் கூடாது அண்ணே," என்றான்.

திருப்பு என்றேன். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தேன். நல்லவேளை, குழாய் உடையவில்லை, கம்பிதான் பிடி விட்டிருந்தது. வெள்ளைப் பொடி உதிர வெளியே வந்தது. நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அவன் அதைத் துடைத்து, கிரீஸ் தடவி, இரண்டு விரல் உயர்த்தி மாட்டினான். என்னைத் தாங்கி ஏற்றி உட்காரவைத்து, முன்னால் நின்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தேன். உச்சிக்கு வருவதற்குள் முட்டி நின்றுவிட்டது. இன்னும் உயர்த்தச் சொன்னேன். இப்போது மேலே தாண்டியது, கீழே பாதம் எட்டவில்லை. அவன் இறக்கினான், மறுபடி ஏற்றினான். நடுவில் எங்கோ எனக்கான உயரம் இருக்கும் என்று இருவரும் வியர்க்க வியர்க்கத் தேடினோம். அப்படி ஒன்று இல்லவே இல்லை. கம்பி இறுகிக் கிடந்தவரை பழியை அதன்மேல் போட்டிருந்தேன்.

"எறங்குறீங்களா அண்ணே?"

"கொஞ்ச நேரம் பிடிச்சிக்கோ லா," என்றேன்.

வாசலில் ஒரு லோரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, பிடியையும் விடவில்லை. இறங்கினால் இனி ஏறமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது.